விருந்தாளிக்கும் கடமை உண்டு
(மஹல்தீவு தரும் படிப்பினை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக!

மஹல்தீவு என்ற பெயர் நம் கடற்கரையோர முஸ்லிம் ஊர்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாசியின் மணம் அறியாத அடுக்களை இல்லை. அந்த மாசி பிறந்த இடம் மஹல்தீவு. தூத்துக்குடியிலிருந்து அரிசியும் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலே நகருக்குச் சென்று வந்தது தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம். ஆனால் இன்று நம்மவர்கள் அங்கே போவது பெரும்பாலும் வியாபாரத்துக்கன்று, உல்லாசப் பிரயாணத்துக்கு. புதிதாக மணமுடித்தோர் போகிறார்கள். விடுமுறையில் குடும்பத்தோடு போகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரமே என்பதால் பிரயாணமும் எளிதாகிவிட்டது.

போவது கூடுமா, கூடாதா என்று கேட்போருக்கு விடை எளிது. பூமியில் சுற்றிப் பார்த்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைச் சிந்திக்குமாறு திருமறையின் ‘அன்கபூத்’ அத்தியாயம் நம்மை அழைக்கிறது. ஹலாலான பொருளில், கடமைகளைப் பாழாக்காமல், பாவத்தில் விழாமல் போகும் பிரயாணம் ஆகுமானதே. ஆனால் ஆகுமான ஒரு காரியம், அதைச் செய்யும் முறையால் வெறுக்கத்தக்கதாகவும் விலக்கப்பட்டதாகவும் மாறிவிடக்கூடும் என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படைப் பாடம். ஆகவே, போகிறவன் எப்படிப் போகிறான், அங்கே எப்படி நடந்துகொள்கிறான், எதை விட்டுவிட்டு வருகிறான் என்பதையே இந்தக் கட்டுரையில் ஆராய இருக்கிறோம்.

அந்நாட்டின் நிலை

முதலில் நாம் போகும் இடம் எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். மஹல்தீவு என்பது ஏறத்தாழ 1,190 சிறு தீவுகளின் கூட்டம். அவற்றில் மக்கள் குடியிருப்பவை சுமார் 200 மட்டுமே. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடந்தாலும், எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். கடல்மட்டத்துக்கு மேல் அந்நிலத்தின் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். அதாவது, நம் வீட்டில் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும் உயரந்தான் ஒரு நாட்டின் சராசரி உயரம்! மலை இல்லை, ஆறு இல்லை.

அந்த மண்ணும் மற்ற நாடுகளின் மண்ணைப் போன்றதன்று. நம் கடற்கரை மக்கள் முருகைக்கல் என்று சொல்வார்களே, அந்தப் பவளப் பாறையை உண்டாக்குபவை மிகச் சிறிய உயிர்கள். அவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டுகின்றன. கூட்டின் மேல் கூடாக எழும்பி, பாறையாகி, அது நொறுங்கி மணலாகிறது. கிளிமீன் எனப்படும் மீன் பாறையைக் கடித்து, அரைத்து, வெண்மணலாக வெளியேற்றுகிறது. அந்த மணல் சேர்ந்தே தீவு. ஆக, பவளப் பாறை உயிரோடிருந்தால்தான் மணல் உண்டு; மணல் உண்டென்றால்தான் தீவு உண்டு. அது மட்டுமன்று, பெருங்கடலின் அலையைத் தன் மார்பில் தாங்கித் தீவைக் காக்கும் மதிலும் அதே பாறைதான். வல்ல நாயனின் ஏற்பாடு எத்தனை நுணுக்கமானது!

அந்நாட்டு மக்கள் ஹிஜ்ரி 548-ல், அதாவது கி.பி. 1153-ல், இஸ்லாத்தைத் தழுவினார்கள். உலகம் சுற்றிய அறிஞர் இப்னு பதூதா (ரஹ்) 1343-44 ஆண்டுகளில் அங்கே தங்கிக் காஜியாகப் பணியாற்றினார். பிறகு இலங்கை சென்று, அங்கிருந்து நம் மஃபர் கரைக்கு, அதாவது மதுரை சுல்தான்களின் நாட்டுக்கு வந்தார். அம்மக்களின் மார்க்கப்பற்றையும் தூய்மையையும் அவர் தம் பயண நூலில் புகழ்ந்திருக்கிறார். வீட்டு வாசலில் தண்ணீர்ச் சாடி வைத்துக் கால் கழுவிய பின்னரே உள்ளே நுழைவார்கள் என்றும், கிணறுகள் ஆழமற்றவையாதலால் சிரட்டை அகப்பையாலேயே நீர் மொள்வார்கள் என்றும் அவர் குறித்துள்ளார். மாலே நகரில் பவளக் கல்லால் கட்டி, அல்லாஹ்வின் திருவசனங்களைச் செதுக்கிய பழைய ஜும்ஆப் பள்ளி 1658-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை நிற்கிறது.

சிரட்டையால் மொண்ட அந்தக் கிணற்றுநீரின் இரகசியம் இதுதான்: மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அளவோடு எடுத்தால் தித்திக்கும். மிகுதியாக உறிஞ்சினால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். கழிவு கலந்தாலோ நோய் பரவும். 1978-ல் அங்கே காலரா பரவியதை இங்கு நினைவுகூர்தல் தகும். இரண்டு சதுர கிலோமீட்டரளவே உள்ள மாலேயில் மக்கள் பெருகப் பெருக, நிலத்தடி நீர் கெட்டுப்போய், கடல்நீரை இயந்திரத்தால் நன்னீராக்கிக் குடிக்கும் நிலை வந்தது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது தலைநகரமே குடிநீரின்றித் தவித்தது. இந்தியா முதலிய நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பின. அங்கே ஒரு குவளைத் தண்ணீருக்குப் பின்னால் எத்தனை எண்ணெய் எரிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்!

வந்து சேர்ந்த செல்வமும் சேர்ந்து வந்த சுமையும்

1972-ல் மாலேக்கு அருகே குரும்பா என்ற முதல் உல்லாச விடுதி தொடங்கியது. அதன்பின் ‘ஒரு தீவுக்கு ஒரு விடுதி’ என்ற முறையில் ஆளில்லாத் தீவுகள் விடுதிகளாயின. சுமார் 2010 முதல் மக்கள் வாழும் தீவுகளிலும் உள்ளூரார் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து ஐந்து இலட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்நாட்டுக்கு, 2024-ஆம் ஆண்டில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தார்கள். அதாவது வீட்டில் ஒருவர், விருந்தாளிகள் நால்வர்!

இதனால் அம்மக்களுக்குப் பிழைப்பு கிடைத்தது; பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வந்தன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விருந்தாளி உண்ணும் அரிசி, காய்கறி, பழம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். அவன் குடித்து எறியும் பாட்டிலும் கிழித்தெறியும் உறையும் போவதற்கு இடமில்லை. தலைநகரின் குப்பையைக் கொட்டுவதற்கென்றே 1992 முதல் திலஃபுஷி என்ற இடத்தில் கடற்பரப்பைத் தூர்த்துத் தூர்த்து ஒரு குப்பைத் தீவு உருவாயிற்று. பல ஆண்டுகள் அங்கே புகை எழுந்துகொண்டேயிருந்தது. சிறு தீவுகளிலோ கடலோரத்தில் கொட்டி எரிப்பதே வழக்கமாயிருந்து வந்தது.

இதனோடு உலகமெங்கும் எழும் புகையால் கடல் சூடாகிறது. சூடு ஓரிரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவள உயிர் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு, எலும்பைப்போல் வெளுத்துப் போகிறது. 1998-லும் 2016-லும் மஹல்தீவின் பவளப் பாறைகள் பெருமளவில் இவ்வாறு வெளுத்தன. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. அவ்வாண்டே அந்நாட்டின் அதிபர் மஃமூன் அப்துல் கய்யூம், அல்-அஸ்ஹரில் பயின்ற அவர், ஐக்கிய நாட்டுப் பொதுச் சபையில் நின்று, கடல்மட்டம் உயர்ந்தால் தம் நாடே இல்லாமற்போகும் அபாயத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமியில் எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரா அட்டோலிலுள்ள கந்தோலுதூ என்ற தீவு குடியிருக்கத் தகாததாகி, அதன் மக்கள் அனைவரும் துவாஃபரு என்ற வேறொரு தீவில் குடியேற நேர்ந்தது. பள்ளிவாசலையும் கபுருஸ்தானையும் விட்டுவிட்டு ஓர் ஊரே எழுந்து போவதென்றால் அது எத்தகைய வேதனை!

ஆகவே இது மரம், மீன், மணல் பற்றிய பேச்சு மாத்திரமன்று. எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகப் பாங்கொலி கேட்டுவரும் ஒரு முஸ்லிம் நாடு நாளைக்கும் அங்கே இருக்குமா என்பதைப் பற்றிய பேச்சு.

மூன்று ஆட்சேபங்கள்

இதைச் சொன்னால் நம்மவர்கள் சிலர் மூன்று விதமாக ஆட்சேபிப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: “நாம் சும்மாவா தங்குகிறோம்? கொடுக்கிற பணத்துக்கு அனுபவிக்கிறோம்.”

இதற்கு ஃபிக்ஹின் ‘இஜாரா’ பாடமே பதில் சொல்கிறது. ஒருவன் வீட்டையோ வாகனத்தையோ வாடகைக்கு எடுத்தால் அவனுக்குக் கிடைப்பது அதன் பயன் மட்டுமே. பொருள் அவனுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அவனுடைய கை அமானிதக் கை. வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது கெட்டுப்போனால் அவன் மீது குற்றமில்லை. வரம்பு மீறியோ கவனக்குறைவாலோ கெடுத்தால் அவன் ஈடுகட்டியாக வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒட்டகத்தின் மீது பேசியதைவிட அதிகச் சுமை ஏற்றியவனும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவனே. நாம் பணம் கொடுத்தது அறைக்கு. பவளப் பாறைக்கோ, கடலுக்கோ, அந்த ஊராரின் நிலத்தடி நீருக்கோ நாம் விலை கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அவை பொதுச் சொத்து. நீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கூட்டுச் சொத்தைக் கெடுத்தவன் ஒவ்வொரு கூட்டாளிக்கும் பதில் சொல்ல வேண்டியவனாகிறான்.

இரண்டாவது: “கடல் எவ்வளவு பெரிது! நாம் எறியும் ஒரு பாட்டில் என்ன செய்துவிடும்?”

இதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே உவமை கூறியிருக்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் வருவது அது. ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் சீட்டுப்படி கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய் வரவேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள்.

கவனியுங்கள்! ஓட்டை போட நினைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். தங்கள் பங்கு என்றுதான் நினைத்தார்கள். பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுகூட நினைத்தார்கள். ஆனால் கப்பலுக்கு அடித்தளம் ஒன்றுதான் என்பதை மறந்தார்கள். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தீவு நாட்டைவிட அந்த உவமைக் கப்பலுக்கு ஒப்பான இடம் வேறெங்கே இருக்கிறது? ஒரு பாட்டில் ஒன்றும் செய்யாது என்று இருபது இலட்சம் பேரும் நினைத்தால், அங்கே சேர்வது இருபது இலட்சம் பாட்டில்.

மூன்றாவது: “கடல் உயர்வதும் தாழ்வதும் அல்லாஹ்வின் கத்ரு. நாம் என்ன செய்ய முடியும்?”

கத்ரை ஈமான் கொள்வது கடமை. அதைச் சாக்காக்குவது கடமையன்று. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் கத்ரைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ரின் பக்கமே செல்கிறோம் என்று உமர் (ரலி) விளக்கியது புகாரியில் உள்ள வரலாறு. மேலும், தரையிலும் கடலிலும் குழப்பம் தோன்றுவது மனிதக் கரங்கள் தேடிக்கொண்டதன் விளைவு என்றும், அவர்கள் திருந்தி மீளும் பொருட்டே அதன் ஒரு பகுதியைச் சுவைக்கச் செய்வதாகவும் ‘ரூம்’ அத்தியாயத்தின் 41-ஆம் வசனம் உணர்த்துகிறது. திருமறை கடலையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது என்பது நம் சிந்தனைக்குரியது. திரும்புவதற்காகத்தான் எச்சரிக்கை என்றால், திரும்ப முடியும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறதல்லவா?

விருந்தாளியின் வரம்பு

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே தொடரில் விருந்தாளிக்கும் ஒரு வரம்பை அண்ணலார் (ஸல்) அவர்கள் வகுத்தது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. விருந்தளிப்பவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் வரை ஒருவரிடம் தங்கியிருப்பது ஆகுமானதன்று என்ற கருத்தில், அபூஷுரைஹ் (ரலி) வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் வந்துள்ளது. வீட்டுக்கு வந்தவனுக்கே இந்த வரம்பென்றால், ஒரு நாட்டுக்கு விருந்தாளியாய்ப் போகிறவனுக்கு அது எவ்வளவு பொருந்தும்!

பிரயாணத்தில் பிற உயிர்களோடு நடந்துகொள்ளும் முறைக்கும் முன்மாதிரி உண்டு. நபித்தோழர்கள் ஒரு பிரயாணத்தின்போது சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துப் பதறியது. அதைக் கண்ட கருணை நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து அதைத் துயரப்படுத்தியவர் யார் என்று வினவி, திருப்பி வைத்துவிடப் பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இது அபூதாவூதில் உள்ளது. அழகாயிருக்கிறதே என்று கையில் எடுத்தது தோழர்கள் செய்தது. இடத்திலேயே விட்டுவிடுவது நபிவழி.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற ஏற்பாடும் நமக்கு அந்நியமானதன்று. மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டவும் வேட்டையாடவும் கூடாதென்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹரமாக்கப்பட்டது. மஹல்தீவின் பா அட்டோல் 2011-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வந்து இரையெடுக்கும். அங்கே மூச்சுக் கருவியோடு மூழ்குவதற்கு அனுமதியில்லை. மேலே மிதந்தபடி பார்க்கலாம். 2010-ல் சுறா வேட்டை முழுவதும் தடை செய்யப்பட்டது. சூரை மீனையும் வலைவீசி அள்ளாமல், தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதே அம்மக்களின் பழைய வழக்கம். அவ்வூரார் தம் பிழைப்பையே சுருக்கிக்கொண்டு காப்பாற்றுவதை, நான்கு நாள் தங்கப் போகிறவன் கெடுத்துவிட்டு வரலாமா?

செய்ய வேண்டியவை

ஆகவே, மஹல்தீவுக்கோ அதுபோன்ற வேறு தீவுக்கோ போக நாடும் குடும்பத்தினர் கடைப்பிடிக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. நிய்யத்தைச் சரிசெய்தல். பிறருக்குக் காட்டுவதற்காகவும், பக்கத்து வீட்டார் போனார்கள் என்பதற்காகவும், வட்டிக்குக் கடன் வாங்கியும் போகாதீர்கள். விமானப் பிரயாணமே பெரும்புகையை எழுப்புவது. அடிக்கடி ஓடிப்போய் ஓடிவருவதைவிட, எப்போதாவது ஒருமுறை போய் நிதானமாகத் தங்கி, அறிந்து வருவது மேல்.

2. தங்குமிடம். விடுதித் தீவுகளில் மதுவும் பன்றி இறைச்சியும் பரிமாறப்படுவது உண்டு. மக்கள் வாழும் தீவுகளிலோ மதுவுக்கு இடமில்லை, பாங்கு கேட்கும், ஜமாஅத்து கிடைக்கும், கொடுக்கும் வாடகையும் அவ்வூர்க் குடும்பத்துக்கே போகும். முஸ்லிம் குடும்பத்துக்கு இதுவே உகந்தது. ஆனால் குப்பையை என்ன செய்கிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர்களும் திருந்த வழி பிறக்கும். தீவுக்குத் தீவு போக விரைவுப் படகைவிட ஊர்மக்கள் செல்லும் பெரிய படகே சிக்கனமானது. வெள்ளிக்கிழமைகளில் அது பெரும்பாலும் ஓடாது என்பதால், அதற்கேற்பத் திட்டமிடுக.

3. தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஷாஃபியீ மத்ஹபின் கணக்கில் முத்து என்பது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்பவர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கடற்கரையில் தொழுகை நேரம் வந்தால் கடல்நீரிலேயே ஒளூச் செய்யலாம். அதன் நீர் தூய்மையாக்கக்கூடியது என்பது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வரும் ஹதீஸின் தெளிவு. நன்னீர் அரிதான இடத்தில் இது அல்லாஹ் தந்த சலுகை.

4. உணவு. வேண்டியதை எடுத்துக்கொள்ளும் விருந்துகளில் தட்டை மலைபோல் குவித்துப் பாதியைக் கொட்டுவது நம்மவரிடமும் பரவியுள்ள நோய். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் வீண்விரயத்தையும் அல்லாஹ் விலக்கியிருக்கிறான். அங்கே கொட்டப்படும் ஒவ்வொரு பிடிச் சோறும் கடல் கடந்து வந்தது என்பது நினைவிலிருக்கட்டும்.

5. குப்பை. துணிப்பை, எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம், தொழுகை விரிப்பு இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் உறைகளைப் பெட்டி கட்டும்போதே கழற்றிவிடுங்கள். குழந்தைக்குத் துணியே கட்டுவது நலம். மின்கலம், பாட்டில் முதலியவற்றைக் கூடுமானவரை திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. நாமே தொல்லையைப் போட்டுவிட்டு வரலாமா?

6. கடலில். பவளப் பாறை மீது நிற்காதீர்கள், ஒடிக்காதீர்கள். பல ஆண்டுகளில் வளர்ந்தது ஒரு மிதியில் உடையும். மீன்களுக்கு ரொட்டி எறிவதும், ஆமையைத் தொடுவதும் வேண்டாம். ஆமைக் குஞ்சுகள் இரவில் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து வழிதவறும். கரையோர விளக்கைத் தேவையின்றி எரியவிடாதீர்கள். வெண்மணலாய்த் தெரியவேண்டும் என்பதற்காகக் கடற்புல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்; மீன்குஞ்சுகள் வளரும் தொட்டில் அது. வெயிலுக்காகப் பூசும் சில களிம்புகள் பவளத்துக்குத் தீங்கானவை என்பதால் பலாவு என்னும் தீவு நாடு 2020-ல் அவற்றைத் தடை செய்தது. முஸ்லிம் ஆணும் பெண்ணும் மறைக்க வேண்டியதை மறைத்து உடுத்தினாலே அக்களிம்பின் தேவை பெரிதும் குறைந்துவிடும்! நாணம் பேணுவதில் மீனுக்கும் நன்மை இருப்பதைப் பாருங்கள்.

7. நினைவுப் பொருள். சங்கு, பவளம், ஆமையோடு இவற்றை வாங்காதீர்கள். பவளத்தையும் ஆமையோட்டையும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம். அதற்குப் பதிலாக, தெற்கே கத்தூ தீவுப் பெண்கள் கோரையால் நெய்யும் ‘துண்டுகுனா’ பாய், துலாதூ தீவின் அரக்குப் பூசிய மரப்பெட்டி போன்றவற்றை வாங்குங்கள். ஒரு கைத்தொழிலும் வாழும். அந்தப் பாயில் நம் வீட்டில் ஸுஜூதும் நிகழும்.

8. வரியும் சட்டமும். 2015 முதல் அந்நாட்டு அரசு பிரயாணிகளிடம் ‘பசுமை வரி’ வாங்குகிறது. 2025 ஜனவரி முதல் அது விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். குப்பை, கழிவுநீர் ஏற்பாடுகளுக்கென்று வாங்கும் இதை முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள். இரசீதில்லாமல் தப்பிக்கும் வழி தேடாதீர்கள். ஒரு நாட்டுக்குள் அனுமதி பெற்று நுழைவது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையை நிறைவேற்றுவது முஃமினின் இலட்சணம்.

9. தொழுகை. தூரத்தைப் பொறுத்தவரை இது கஸ்ருக்குரிய பிரயாணமே. ஷாஃபியீ மத்ஹபின்படி, போய்ச்சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழுநாள்கள் தங்க நிய்யத் செய்தால் அங்கே சென்றதும் முழுமையாகத் தொழவேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த வரம்பு பதினைந்து நாள். ஊர்ப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுங்கள். அங்குள்ளவர்களிடம் ஸலாம் கூறி நலம் விசாரியுங்கள். நாம் பார்க்க வந்தது மணலை மட்டுமன்று, நம் சகோதரர்களையும்தான் என்பது அப்போது புரியும்.

போகாதவர்களுக்கும் பாடம்

“நாம் எங்கே மஹல்தீவு போகப்போகிறோம்?” என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை ஏர்வாடிக்கும் நாகூருக்கும் குற்றாலத்துக்கும் பொருந்தும். மன்னார் வளைகுடாவில் நம் கரையோரமும் பவளத் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி அள்ளியதன் தீங்கை நம் மீனவ மக்களே அறிவார்கள். மேலும் கடலைச் சூடாக்கும் புகை நம் வீட்டு விளக்கிலிருந்தும் வாகனத்திலிருந்தும் எழுகிறது. அந்தத் தீவை ஒருபோதும் பார்க்காதவனும் அந்தக் கப்பலின் ஒரு தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இல்லத்தரசிகளே! விடுமுறைக்குப் போகுமுன் பிள்ளைகளை உட்காரவைத்து அந்தக் கப்பல் ஹதீஸையும் பறவை ஹதீஸையும் கதையாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு கிளிஞ்சலைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்கப் பழகிய பிள்ளை, நாளை பிறர் சொத்தைத் தொடவும் அஞ்சும்.

கியாமத்து நாள் வந்துவிடும் தருவாயிலும் கையில் ஒரு நாற்று இருந்தால், முடியுமானால் அதை நட்டுவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. உலகமே முடியும் வேளையிலும் நடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒரு நாடு மூழ்குமோ என்ற அச்சத்தில் இருக்கையில், நம்மால் முடிந்த சிறு காரியத்தைச் சிறிதென்று எண்ணி விட்டுவிட நமக்கு அனுமதி ஏது?

யா அல்லாஹ்! எங்கள் பிரயாணங்களை நன்மையானவையாக ஆக்குவாயாக! நாங்கள் சென்ற இடங்களில் எங்களால் எவருக்கும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! உன்னை வணங்கும் அத்தீவு மக்களின் மண்ணையும் நீரையும், அவர்களின் பள்ளிவாசல்களையும் சந்ததிகளையும் பாதுகாத்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.